பாமினியில் அடித்த வினாத்தாள்கள் லிப்ரே ஒபிஸில் திறக்குமா?

கேள்வி: பொகவந்தலாவைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். கணினி அறையிலுள்ள கணினிகளில் வேர்ட் உரிமம் கேட்கத் தொடங்கிவிட்டது; வாங்க வசதியில்லை. லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளுக்கு மாறினால், பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் என்னவாகும்? இலவசமாகத் தருகிறவர்கள் நாளை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

பதில்: தயங்காமல் மாறுங்கள், ஆசிரியை அவர்களே. பாமினி எழுத்துருவை அந்தக் கணினிகளில் நிறுவி வைத்திருக்கும்வரை, பழைய கோப்புகள் லிப்ரே ஒபிஸில் வேர்டுக்கு ஈடான ரைட்டரிலும் தமிழாகவே திறக்கும். பக்க அமைப்பில் மட்டும் அட்டவணைகளும் படங்களும் சில இடங்களில் சற்று நகர்ந்திருக்கக்கூடும். உங்கள் வினாத்தாள்களுக்கு உள்ள பெரிய ஆபத்து பாமினியிலேயே இருக்கிறது என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த ஓர் எழுத்துரு. நீங்கள் ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அவைதான் கண்ணில் படும். அந்தக் கோப்பில் ‘தமிழ்’ என்று தேடினாலும் கிடைக்காது. ஒரு பாடசாலை ஆண்டு மலரின் பழைய கோப்பு இப்படி என்னிடம் வந்தபோது, பிள்ளைகள் எழுதிய கவிதைகள் முழுவதும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகக் கிடந்ததைப் பார்த்து மனம் கனத்துப்போனது.

எழுத்துருவின் பெயரை மாற்றிவிட்டால் இது சரியாகிவிடாது. ‘கொழுந்து’ என்ற சொல்லையே பாருங்கள்: அதன் ‘கொ’, பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாக இருக்கும், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது நியமமான யுனிகோடிலோ ககரம் முதலில் வந்து, ஒகரக் குறி ஒன்றாக அதன் பின்னால் நிற்கும். எனவே பாமினியை யுனிகோடாக மாற்றித்தரும் நிரல் ஒன்றில் பந்தி பந்தியாக ஒட்டி மாற்றியெடுக்க வேண்டும். வினாத்தாளில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருந்தால், அவற்றை விலக்கிவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆங்கிலமும் பொருளற்ற தமிழாகிவிடும். மாற்றிய பின்னர், ரைட்டரின் தேடல் பெட்டியில் எழுத்துருவாகப் பாமினியைக் குறிப்பிட்டுத் தேடினால், விடுபட்ட பகுதிகள் அகப்படும். விரல்களுக்குப் பழகிய விசை வரிசையை இதற்காக மறக்கத் தேவையில்லை. எ-கலப்பை போன்ற இலவச நிரல்களில் பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோடை அடிக்கலாம்.

அடுத்து, ரைட்டரில் புதிதாகத் தமிழ் அடிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. எழுத்தின் அளவை 12 என்று வைத்த பிறகும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்பதைக் கண்டு, மென்பொருள் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ், சிங்களம் போன்ற மொழிகளுக்கு வேறோர் எழுத்துருவையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ‘டூல்ஸ்’ பட்டியில் ‘ஒப்ஷன்ஸ்’ சென்று, மொழிப் பகுதியில் ‘கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை இயக்கித் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். பின்னர் எஃப்11 விசையை அழுத்தி, இயல்புப் பந்திப் பாணியில் தமிழ் போன்ற மொழிகளுக்கான அந்தக் ‘கொம்ப்ளெக்ஸ்’ பிரிவுக்குரிய எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை அளவுடன் சேர்த்து அமைத்து, அதையே வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால், ஒவ்வொரு தவணையும் அந்த வேலை மிச்சம். பழைய பதிப்பு ஏதாவது கணினியில் இருந்தால் புதுப்பித்துவிடுங்கள்: 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்துதான், ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே எழுத்துக்கோப்பு நிரலைக் கொண்டு விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் எழுத்துகள் கோக்கப்படுகின்றன.

நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், நியாயமான கவலை. லிப்ரே ஒபிஸின் மூதாதையான ஸ்டார்ரைட்டரை ஜேர்மனியில் மார்கோ போரீஸ் என்ற இளைஞர் 1985இல் உருவாக்கினார். அவருடைய நிறுவனத்தை 1999இல் வாங்கிய சண் மைக்ரோசிஸ்டம்ஸ், 2000ஆம் ஆண்டில் அதன் மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. 2010இல் சண் நிறுவனம் ஒரக்கிள் என்னும் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது, எதிர்காலம் குறித்து அஞ்சிய நிரலாளர்கள் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, த டொக்கியுமென்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். உரிமையாளர் மாறியும் வேலை நிற்கவில்லை. இன்றும் வருடத்துக்கு இரண்டு முக்கிய பதிப்புகள் வெளிவருகின்றன. அவ்வளவுக்கும் மேலாக, ரைட்டரின் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிடி, 2006இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், வேறு மென்பொருள்களாலும் அதைத் திறக்க முடியும்.

நிறுவும் கோப்பு சில நூறு மெகாபைட் இருக்கும். ஹற்றனில் இணைய வேகம் உள்ள ஓரிடத்தில் ஒரு தடவை இறக்கி, பென் ட்ரைவில் கொண்டுவந்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றிக்கொள்ளலாம். மாணவர்களுக்கும் பிரதியெடுத்துக் கொடுக்கலாம், உரிமம் அதை முழுமையாக அனுமதிக்கிறது. தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள். மூலத்தை ஓடிடியாக வைத்துக்கொண்டு, போட்டோகொப்பிக் கடைக்கு ரைட்டரிலிருந்தே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். அதற்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும் என்பதால், கடைக் கணினியில் தமிழ் உடையாது.