எஃப்இஎம் (பொருள சின்னச் சின்ன எலிமென்ட்டா பிரிச்சு கம்ப்யூட்டர்ல கணக்கு போடற முறை) கேள்வி-பதில்: மெஷ் (அந்த எலிமென்ட் வலை) எவ்ளோ நைசா போட்டாலும் ஸ்ட்ரெஸ் நிக்கலயே!

கேள்வி: எல் ஷேப் ஸ்டீல் பிராக்கெட் சார். உள்மூலைல மெஷ்ஷ ஒவ்வொரு தடவையும் பாதியாக்குறேன், ஸ்ட்ரெஸ் 180, 247, 338 எம்பிஏன்னு ஏறிட்டே போகுது. கைடு கன்வர்ஜென்ஸ் கிராஃப் (மெஷ் நைசாக நைசாக விடை ஒரு நம்பர்ல நிக்குதான்னு காட்டறது) கேக்கறாரு.

பதில்: அது நிக்கவே நிக்காதுங்க. ஃபில்லட் (மூலைய வளைச்சு விடற ரேடியஸ்) இல்லாம கூரா 90 டிகிரி மூலை வரைஞ்சிருக்கீங்க, லீனியர் எலாஸ்டிக்ல அந்த புள்ளில ஸ்ட்ரெஸ்ஸே இன்ஃபினிட்டி தான், வில்லியம்ஸ்ங்கற ஆய்வாளர் 1952லயே கணக்கு போட்டு காட்டிட்டாரு. மூலைய நெருங்க நெருங்க தூரத்தோட மைனஸ் 0.455 பவர்ல ஏறும், அப்போ எலிமென்ட் சைஸ் பாதியானா ஸ்ட்ரெஸ் 1.37 மடங்கு, உங்க நம்பரயே வகுத்துப் பாருங்க கரெக்டா அதான் வருது. சாஃப்ட்வேர் ஒழுங்கா தான் வேலை செய்யுது. டிராயிங்ல இருக்கற ரேடியஸ மாடல்ல போடுங்க, கன்வர்ஜ் ஆயிடும். வெல்ட்னா டோலேந்து (வெல்ட்டோட விளிம்பு) தடிமன்ல 0.4 மடங்கு, 1 மடங்கு தூரத்துல ஸ்ட்ரெஸ் எடுத்து எக்ஸ்ட்ராபோலேட் பண்ற ஹாட் ஸ்பாட் முறை இருக்கு. மூலையே முக்கியமில்லன்னா டிஸ்ப்ளேஸ்மென்ட்டுக்கோ, தள்ளி ஒரு இடத்து ஸ்ட்ரெஸ்ஸுக்கோ கிராஃப் போட்டு குடுத்துடுங்க. செவப்பு கலர்ல வர்ற மேக்சிமம அப்படியே தீசிஸ்ல ஒட்டறத மட்டும் விட்டுடுங்க ப்ளீஸ், வைவால மொத கேள்வியே அதுல தான் விழும்.

கேள்வி: அபாகஸ் சாஃப்ட்வேர்ல மெல்லிசான கேன்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடிச்ச பீம்), சி3டி8 (8 முனை செங்கல்) எலிமென்ட். நுனி டிஃப்ளெக்ஷன் ஃபார்முலால வர்றதுல பாதி கூட இல்ல.

பதில்: ஷியர் லாக்கிங். அந்த எலிமென்ட்டுக்கு வளையத் தெரியாது, வளையச் சொன்னா இல்லாத ஷியர காட்டி வெறைச்சுக்கும். உடனே சி3டி8ஆர்க்கு (கம்மி புள்ளில கணக்கு போடற அதோட வகை) ஓடாதீங்க, தடிமன்ல ஒரே எலிமென்ட் வெச்சிருந்தா இப்போ எதிர்ப்பக்கம் தொளதொளன்னு ஆயிடும், அதான் ஹவர்கிளாஸ். குறைஞ்சது 4 அடுக்கு போடுங்க, இல்ல C3D8I, C3D20R எலிமென்ட் எடுங்க.

கேள்வி: யூமேட் (அபாகஸுக்கு நாமளே எழுதற மெட்டீரியல் மாடல் கோட்) எழுதினேன், பிளாஸ்டிசிட்டி. ரிசல்ட் சரி, ஆனா இட்டரேஷன் இழுத்துட்டே போய் கட்பேக் ஆகுது (ஸ்டெப்ப சின்னதாக்கிட்டு மறுபடி ஆரம்பிக்குது).

பதில்: ரிசல்ட் சரின்னா ஸ்ட்ரெஸ் அப்டேட் ஓகே, டேன்ஜென்ட் (ஸ்ட்ரெய்ன் மாறினா ஸ்ட்ரெஸ் எவ்ளோ மாறும்ங்கற மேட்ரிக்ஸ்) தான் சொதப்பல். பாடத்துல வர்ற கன்டினுவம் டேன்ஜென்ட்ட போட்டிருப்பீங்க, நியூட்டன் முறைக்கு ரிட்டர்ன் மேப்பிங்கயே (ஸ்ட்ரெஸ்ஸ யீல்டு எல்லைக்கு இழுத்துட்டு வர்ற கணக்கு) டிஃபரென்ஷியேட் பண்ணி வர்ற கன்சிஸ்டன்ட் டேன்ஜென்ட் வேணும், சைமோ, டெய்லர்ங்கற ஆய்வாளர்கள் 1985ல சொன்னது. ஒரே ஒரு எலிமென்ட்ட எடுத்து, ஸ்ட்ரெய்ன் கம்போனென்ட் ஒவ்வொன்னையும் துளி அசைச்சு, ஸ்ட்ரெஸ் எவ்ளோ மாறுதுன்னு பாத்து உங்க மேட்ரிக்ஸோட ஒப்பிடுங்க, எந்த கட்டத்துல தப்புன்னு காட்டிக் குடுத்துடும். ஷியர் வரிசைல மட்டும் ரெண்டு மடங்கு வித்தியாசம்னா இன்ஜினியரிங் ஷியர் ஸ்ட்ரெய்ன (டென்சார் ஷியரோட ரெண்டு மடங்கு) மறந்துட்டீங்க. அப்புறம் இதையே வியூமேட்டுக்கு (அபாகஸ் எக்ஸ்ப்ளிசிட்டுக்கான யூமேட்) மாத்தும்போது ஜாக்கிரதை, அங்க டென்சார் ஷியர், கம்போனென்ட் வரிசையும் வேற.

கேள்வி: நேச்சுரல் ஃப்ரீக்வென்சி 30ல ஒரு பங்கு தான் வருது.

பதில்: மிமீ, நியூட்டன்ல மாடல் பண்ணிட்டு டென்சிட்டிய கிலோல குடுத்திருக்கீங்க. டன்ல குடுங்க, ஸ்டீலுக்கு 7.85இ-9. ஆயிரத்தோட ஸ்கொயர் ரூட் 31.6, அதான் உங்க 30.

கேள்வி: எம்டெக் முடிக்கப் போறேன் அண்ணா. கம்பெனியா பிஹெச்டியா? ஏஐ வந்தப்புறம் இந்த ஃபீல்டுக்கு எதிர்காலம் இருக்கா?

பதில்: ஏஐ பயம் வேணாம் தம்பி, எஃப்இஎம்முக்கு பதிலா வேகமா விடை சொல்ற அந்த ஏஐ சரகேட் மாடல ட்ரெயின் பண்ண டேட்டாவே பெரும்பாலும் எஃப்இஎம் ரன்லேந்து தான் வருது, அந்த ரன் தப்புன்னா எல்லாம் தப்பு. கம்பெனில ஆரம்பத்துல ஜியோமெட்ரி கிளீனிங்கும் மெஷ்ஷிங்குமா தான் போகும், போரடிக்கும், ஆனா கை பழகும். மெட்டீரியல் மாடல், ஃப்ராக்சர் மாதிரி விஷயம் ராத்திரி தூங்க விடாம இழுக்குதுன்னா மட்டும் பிஹெச்டி. கல்பாக்கம் ஐஜிகார்ல (அணு ஆராய்ச்சி மையம்) பாருங்க, புரோட்டோடைப் ஃபாஸ்ட் ரியாக்டர் டிசைன்ல சூட்ட எடுக்கற சோடியம் 540 டிகிரிக்கு மேல ஓடும், அந்த சூட்டுல வருஷக்கணக்கா நிக்கிற ஸ்டீலுக்கு க்ரீப்பும் (சூட்டுல மெதுவா நீளறது) ஃபெட்டீக்கும் (திரும்பத் திரும்ப லோடு வந்து சேதமாகறது) சேந்து கணக்கு போடணும், பட்டன் அமுக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. தரமணி எஸ்இஆர்சியும் (கட்டமைப்பு பொறியியல் ஆராய்ச்சி மையம்) பாருங்க.

கேள்வி: லைசென்ஸ் வாங்க காசில்ல, வீட்ல எதுல பழகலாம்?

பதில்: கால்குலிக்ஸ். இன்புட் ஃபைல் கிட்டத்தட்ட அபாகஸ் மாதிரியே இருக்கும், ஃப்ரீ. பொறுமை இருந்தா கோட் ஆஸ்டர். போட்டதும் மொத வேலையா நாஃபெம்ஸ் அமைப்போட எல்இ1 மெம்பிரேன் கணக்க (விடை தெரிஞ்ச சோதனைக் கணக்கு) ஓட்டுங்க, உள் நீள்வட்டத்து டி புள்ளில 92.7 எம்பிஏ வரணும்.