வேகாத பீன்ஸும் திரிந்த முட்டைப் பாலும்: சமையலறைக் கேள்வி பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்காகச் சுகர் பீன்ஸ், ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, தக்காளி, மசாலா அனைத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடி, மூன்று மணி நேரம் ஓவனில் வைத்துக் கேசரோல் செய்தேன். இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. இரவு முழுவதும் ஊறிய பீன்ஸோ நறுக்கென்று கடிபட்டது. தவறு எங்கே?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தக்காளியை முதலிலேயே சேர்த்ததுதான் தவறு. பீன்ஸின் உள்ளே உயிரணுக்களை (செல்களை) ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் வெந்நீரில் மெல்லக் கரைந்தால்தான் அது மசியும். தக்காளியின் புளிப்பு அந்தக் கரைவைத் தடுத்துவிடுவதால், எத்தனை மணி நேரம் வைத்தாலும் தோலும் பருப்பும் விறைப்பாகவே நிற்கும். புளி, வினிகர் சேர்த்தாலும் இதேதான் நடக்கும். உருளைக்கிழங்கும் புளிப்பில் தாமதமாகவே வேகும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு, தயவுசெய்து மனத்தில் வையுங்கள். நம் சுகர் பீன்ஸ் ராஜ்மாவின் இனத்தைச் சேர்ந்தது. அரைவேக்காட்டில் உண்டால் கடும் வாந்தியை உண்டாக்கும் லெக்டின் என்ற புரதம் இந்த இனத்தில் இருக்கிறது. மிதமான சூட்டில் மெல்ல வேகவைப்பதால் அது அழியாது. ஆகவே ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பின் மேல் தளதளவென்று, 10 நிமிடம் போதும் என்பாரும் உண்டு, நான் 30 நிமிடம் என்றே சொல்வேன், கொதிக்கவிட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும் வரை வேகவைத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்கும் தண்ணீரிலேயே சிறிது உப்பு போட்டால் தோல் இன்னும் மென்மையாகும். உப்பு பீன்ஸை வேகவிடாது என்பது பாட்டிமார் காலத்து நம்பிக்கையே.

பிறகு வதக்கிய வெங்காயம், மசாலா, ஆட்டின் தோள்பட்டை இறைச்சி, பெரிதாக நறுக்கிய உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு பீன்ஸைக் கலந்து, 160 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். இறுக மூடிய பாத்திரத்தில் நீர் அதிகம் ஆவியாகாது என்பதால், அடுப்பில் கறி வைக்கும்போது ஊற்றும் தண்ணீரைவிடக் குறைவாகவே ஊற்ற வேண்டும். தக்காளியைத் தனியே எண்ணெய் பிரியும் வரை வதக்கி, கடைசி அரைமணி நேரத்தில் சேருங்கள். அப்போதே மூடியை எடுத்துவிட்டு, நெய்யில் பிசிறிய ரொட்டித்தூளும் நசுக்கிய பூண்டும் மேலே தூவினால் மொறுமொறுப்பான மேல்பரப்பு கிடைக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதலில் சண்டையிடுவது அந்த மேல்பரப்புக்குத்தான்.

கேள்வி: தென்னாப்பிரிக்கக் கேப் மலாய் மக்களின் பொபூட்டியை, அதாவது கொத்துக்கறி மேல் முட்டைப் பால் ஊற்றி ஓவனில் சுடும் உணவை, கோழிக் கொத்துக்கறியில் செய்து பார்த்தேன். மேலே ஊற்றிய முட்டைப் பால் திரிந்து நீர் விட்டுவிட்டது. பே இலைக்குப் பதிலாகக் கறிவேப்பிலை சேர்க்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், கேப்பிலேயே சிலர் எலுமிச்சை இலை வைப்பதுண்டு. ஆனால் காய்ந்த கறிவேப்பிலை மேலே கருகிவிடும் என்பதால் எண்ணெயில் புரட்டி எடுத்து, முட்டைப் பாலில் பாதி அமிழும்படி வையுங்கள். முட்டைப் பால் அளவுக்கு மீறிச் சூடானால் முட்டையின் புரதம் சுருங்கித் தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும். 2 முட்டைக்கு 300 மில்லி பால் என்ற அளவில் அடித்து, 160 டிகிரியில் ஏறத்தாழ 30 நிமிடம் வைத்து, பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் தளும்பும் நிலையில் வெளியே எடுத்துவிட வேண்டும். மிச்ச வேலையை உள்சூடே முடித்துவிடும். கோழிக் கொத்துக்கறி அதிகம் நீர் விடுவதால், அதை முன்னதாகவே சுண்ட வதக்கிக்கொள்வதும், பாலில் ஊறிய ரொட்டியை நன்றாகப் பிழிந்து சேர்ப்பதும் அவசியம்.

கேள்வி: ஓவனில் கேசரோல் இருக்கும்போதே மின்சாரம் போய்விட்டால்?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: ஓவன் கதவைத் திறக்காதீர்கள்; கனமான பாத்திரம் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். இறைச்சி இன்னும் வேகவில்லை என்றால் எரிவாயு அடுப்புக்கு மாற்றுவதே நல்லது. அடுப்பு இல்லாமல், சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சியை மறுபடி சூடாக்கி உண்ணாதீர்கள்; கிருமிகள் விட்டுச்சென்ற சில நஞ்சுகள் கொதித்தாலும் அழிவதில்லை.