பையன் கல்லூரியில் ஃபுட்பால் ஆடப் போகிறானாம், நம்பலாமா?

தம்பி, டெக்சஸ் ஃப்ரிஸ்கோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, பத்தாவது படிக்கும் மகன் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஆட்டம்) அணியில் சேர்ந்துவிட்டான், கல்லூரிச் செலவை ஸ்காலர்ஷிப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறான், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிபடுமே என்று வீட்டில் பயப்படுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஆசை தப்பில்லை. டெக்சஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே மைதானத்தில்தான் இருக்கும். பக்கத்து ஆலனில் ஒரு பள்ளிக்காகவே ஆறு கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் அரங்கம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வளரும் பையனுக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் கணக்கு வேறு. நாடு முழுக்கப் பள்ளியில் ஆடுகிறவர்கள் சுமார் 10 லட்சம் பேர். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் கணக்கில், ஏதாவது ஒரு கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். அதன் மூன்று பிரிவுகளில் மேல்மட்டமான டிவிஷன் 1 என்றால் மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள்.

அடுத்த வருடம் வீட்டுக்குத் தபால் வர ஆரம்பிக்கும். என் மூத்தவனுக்கும் வந்தது. வழவழப்பான அட்டை, ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் ஹெல்மெட் படம், மேலே கொட்டை எழுத்தில் இவன் பெயர். கோச்சே இவனைத் தேடி எழுதிய மாதிரி இருக்கும். கீழே பொடி எழுத்தில் கோடை கேம்ப் கட்டணம். இதே அட்டை ஆயிரக்கணக்கான பையன்களுக்குப் போகும். அது ஆஃபர் இல்லை, விளம்பரம். கல்லூரி கோச் பள்ளிக்கு நேரில் வந்து மார்க் பட்டியல் கேட்டால்தான் விஷயம் இருக்கிறது. அப்போதும் வாயால் சொல்லும் ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. பன்னிரண்டாவதில் கையெழுத்தாகிற வரை மாறலாம்.

அவனுடைய பள்ளி கோச்சிடம் நேரே போய், "இவன் எந்த டிவிஷனுக்கு ஆவான்?" என்று கேளுங்கள். இங்கே கோச்சுகள் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்வார்கள். டிவிஷன் 3 என்றால் முகம் சுளிக்க வேண்டாம். அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, சரி. ஆனால் சான் ஆன்டோனியோ டிரினிட்டி மாதிரி இடங்களில் மார்க்குக்குத் தரும் உதவித்தொகையோடு நல்ல படிப்பும் கிடைக்கும், ஆட்டமும் ஆடலாம். நம் பிள்ளைகளுக்கு என்னைக் கேட்டால் அதுதான் தோதான வழி.

படிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிவிஷன் 1க்கு என்சிஏஏ ஒத்துக்கொண்ட 16 பாடங்கள் வேண்டும், அவற்றில் ஜிபிஏ, அதாவது 4க்குக் கணக்கிடும் மார்க் சராசரி, குறைந்தது 2.3. அந்தப் பதினாறில் 10 பாடங்களைப் பன்னிரண்டாவது தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். அவற்றில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். ஆகவே பதினோராவதுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே கவுன்சிலரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். 2.3 என்பது வாசற்படிதான், நம் வீட்டில் அதைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது என்பது வேறு விஷயம்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டு ஸ்காலர்ஷிப் கல்லூரியின் பணம், ஹெச்-1பியில் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்குத் தரும் ஹெச்-4 விசா அதற்குத் தடையில்லை. மத்திய அரசின் கல்வி உதவி மட்டும் கிடைக்காது. 2021க்கு அப்புறம் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது; பையன் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பணம் வாங்கும் முன் இமிக்ரேஷன் வக்கீலைக் கேளுங்கள். 21 வயதானால் ஹெச்-4 முடிந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் கிடையாது, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்று டெக்சஸில் சட்டமே இருக்கிறது. ஆனால் பையன்கள் அடியை மறைப்பார்கள். ஆட்டம் முடிந்து வந்ததும் தலை வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வீட்டம்மாவையும் ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள், அடிபட்டால் பார்த்துக்கொள்ளும் அணியின் ட்ரெய்னரை அறிமுகப்படுத்தி வையுங்கள்.