செட்டில்மென்ட் பணமும் கோபுரத்துக்குச் சொன்ன வாக்கும்

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் 31 வருடம் ரைட்டராக (கணக்கெழுத்தராக) இருந்து, 58 வயதில் போன மாதம் ஓய்வு பெற்றேன். பி.எஃப். 11 லட்சம், கிராஜுவிட்டி 4,65,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. பென்ஷன் மாதம் 4,300 வரும் என்கிறார்கள். குவார்ட்டர்ஸைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும். சொந்த வீடு கிடையாது. 82 வயது அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அறுப்பின் பண்டிகையில் எழுந்து நின்று ஆலய மணிக்கோபுரத்துக்கு ஒரு லட்சம் தருவதாகச் சொல்லிவிட்டேன். மகன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை போட 5 லட்சம் கேட்கிறான். இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்குகிறேன், ஜாமீன் கையெழுத்தாவது போடுங்கள் என்கிறான். வந்த பணம் முழுவதுக்கும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்க வேண்டுமா? எதை முதலில் செய்வது?
– வாசகர், ஏற்காடு

பதில்: முதலில் அம்மாவும் மனைவியும், அப்புறம் வீடு, அதற்கப்புறம் கோபுரம். பட்டறைக்கு இந்தப் பணத்தில் இடமில்லை.

அம்மாவை முன்னால் வைப்பது என் சொந்த யோசனை அல்ல. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கோபுரத்துக்குப் பேர் எழுதியபோது இது உங்கள் ஞாபகத்துக்கு வந்திருக்காது. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் யாருக்கும் வராது.

வீடு. குவார்ட்டர்ஸிலேயே காலம் கழித்த எஸ்டேட் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற சிக்கல்தான் இது. மலைமேலேயே இடம் வாங்கிச் சின்னதாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மொத்தத்தையும் செங்கல்லில் போட்டுவிட்டு அரிசிக்கு எங்கே போவது? கீழே சேலத்தில், கன்னங்குறிச்சியிலோ கோரிமேட்டிலோ தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பாருங்கள். ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லை, ஆட்டோவிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

இனி பணம். தபால் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 55 முடிந்து ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும், வந்த தொகைக்கு மேல் போட முடியாது, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற தேதியும் கொடுத்த தொகையும் எழுதிய சான்றிதழ் ஒன்றை எஸ்டேட் ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் போய், வெயிலில் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். 11 லட்சம் போட்டால் இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,550 ரூபாய் வரும். மனைவியோடு கூட்டாக மாத வருமானத் திட்டத்தில் 3 லட்சம் போட்டால் 7.4 சதவீதத்தில் மாதம் 1,850. பென்ஷனையும் சேர்த்தால் மாதத்துக்கு 13,666 ஆகிறது. நீங்கள் போடுகிற அன்றைய வட்டியே ஐந்து வருடத்துக்கும் இருக்கும்.

வாடகை போக இறுக்கம்தான், அதனால் சின்ன வேலை ஒன்றும் பாருங்கள். ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர்கள் 25 வயதில் ஆசரிப்புக் கூடார வேலைக்கு வந்து 50-இல் ஓய்வு பெற்றார்கள் என்று எண்ணாகமம் 8-இல் இருக்கிறது. அதற்குப் பிறகும் வீட்டில் முடங்கவில்லை. பாரமான வேலையை விட்டுவிட்டு, சகோதரரோடுகூடக் காவல் காத்தார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கிற காலத்தில், செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிக் கணக்கு) எழுதத் தெரிந்த ஆள் சின்னத் தோட்டக்காரர்களுக்குத் தேவைப்படும். கேட்டுப் பாருங்கள்.

தசமபாகம். பி.எஃப். பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்துக்கு மாதாமாதம் கொடுத்து வந்திருந்தால், பி.எஃப்.-இல் உங்கள் பங்குக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. முதலாளி பங்கு, வட்டி, கிராஜுவிட்டி எல்லாம் புது வரவு. எல்லாவற்றுக்கும் பத்தில் ஒன்று என்று சொல்கிற போதகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒருவனுக்கு இல்லாததை வைத்தல்ல, இருக்கிறதை வைத்தே அவன் கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்படும் என்று 2 கொரிந்தியர் 8-இல் பவுல் எழுதுகிறார். கிராஜுவிட்டியில் பத்தில் ஒன்று 46,500. அதை நன்றிக் காணிக்கையாகக் கோபுரத்துக்கே இப்போது கொடுங்கள். மிச்சம் 53,500-ஐ மாதம் 1,500 வீதம் கொடுத்தால் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். ஆயரிடமும் பொருளாளரிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணையிட்டதில் தவறாதவனைச் சங்கீதம் 15 மெச்சுகிறது, அதனால் வாக்கை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் டெபாசிட்டை உடைத்துக் கொடுக்காதீர்கள், வருகிற வருமானத்திலிருந்து கொடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் லூக்கா 14-இல் சொன்னது உங்கள் கமிட்டிக்கும்தான். பாதிப் பணம்கூட வராமல் அஸ்திவாரம் தோண்டியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மீதி 1,18,500. வீட்டு அட்வான்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும்.

மகன் விஷயம். செட்டில்மென்ட் பணத்தோடு வருகிறவர்களோடு மகனோ மருமகனோ மச்சானோ ஒருவர் கூடவே வருவார், அந்தக் காட்சியை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனால் நீ படுத்திருக்கிற படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்களே என்று நீதிமொழிகள் 22 கேட்கிறது. பையனுக்குத் தொழில் தெரிந்திருந்தால் வங்கியில் முத்ரா கடன் (சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேட்கட்டும். 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்கிறார்கள். வங்கி மேலாளர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால், பட்டறையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது அவனுக்கும் நல்லது.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரி ஏலச்சீட்டு நடத்துகிறார். ரசீது கிடையாது, நம்பிக்கைதான். மகள் கல்யாணத்துக்காகச் சேரலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: வேண்டாம். மிகச் சிறிய சீட்டுகளைத் தவிர மற்றதைப் பதிவு செய்யாமல் நடத்த 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இடம் தரவில்லை. கூட முழங்கால் போட்டு ஜெபிக்கிறவரிடம் ரசீது கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலே, நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார். அந்தச் சகோதரி பதிவு செய்துவிட்டு வந்தால் சேருங்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: வயது 25. உருக்காலைப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை. 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று வசனம் இருக்கும்போது பென்ஷனுக்குச் சேர்ப்பது அவிசுவாசம் என்கிறான் நண்பன்.
– வாசகர், சூரமங்கலம்

பதில்: தம்பி, அந்த வசனம் கவலையைத்தான் தடுக்கிறது. யோசேப்பு எகிப்தில் ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைத்ததை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதில்லை. நண்பரிடம் அதற்கு மேல் வாதாட வேண்டாம். அடல் பென்ஷன் திட்டத்தில் இந்த வயதில் சேர்ந்தால், மாதம் 376 ரூபாய்க்கு 60 வயதில் மாதம் 5,000 கிடைக்கும். அன்றைக்கு 5,000-க்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நீங்களே கேட்பீர்கள். அதனால் ஒரு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கும் திறந்துவையுங்கள். வருடத்துக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு நிற்கும். ஓவர்டைம் வருகிற மாதங்களில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.