புள்ளி ஏறுகிறது, கண் தேறவில்லையா?

தோல் புற்றுநோயை அடையாளம் காணப் பழக்கும் உங்கள் செயலியில் மருத்துவர்கள் நல்ல புள்ளி எடுத்தும், நேரில் சாதாரண மச்சத்தைக்கூட மெலனோமா (ஆபத்தான ஒரு தோல் புற்றுநோய்) என்று மேல்பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் படங்களின் கலவையைப் பாருங்கள். பாதிக்குப் பாதி புற்றுநோய்ப் படமாக இருந்தால் கண் அப்படித்தான் பழகும், அதனால் சாதாரண மச்சம், செபோரிக் கெரட்டோசிஸ் (தீங்கில்லாத தோல் தடிப்பு) படங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், தோல் படங்களின் பொதுத் தொகுப்பான ஐஎஸ்ஐசி (ISIC) காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கும். வேகத்துக்குப் புள்ளி தருவதை எடுத்துவிடுங்கள், ப்ளீஸ். விடையை மட்டும் தட்டவைக்காமல், டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) படத்தில் மெலனோமாவின் அடையாளங்களான நீல-வெள்ளைப் பகுதி எங்கே, ஒழுங்கற்ற நிறமி வலைப்பின்னல் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டவையுங்கள். தவறினால் அங்கேயே சரியான இடத்தைக் காட்டிவிட்டு, அதே மாதிரி வேறொரு படத்தைச் சில நாள் கழித்துக் கொடுங்கள். அப்புறம், கருந்தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும், அந்தப் படங்கள் இல்லாத தொகுப்பு அரைகுறைதான்.