நூலகக் கணினிக்கு எவ்வளவு தடை போடலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரின் பொது நூலக நிர்வாகக் குழுவில் நான் உறுப்பினர். போன மாதம் ஒரு தாய் புகார் கொடுத்தார். நாலாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கைக்காரரின் திரையில் ஆபாசப் படத்தைப் பார்த்துவிட்டான். இப்போது குழுவில் பாதிப் பேர் எல்லாவற்றையும் பூட்டச் சொல்கிறார்கள். மீதிப் பேர் பேச்சுரிமை என்கிறார்கள். அந்தத் தாய் வழக்குப் போடுவேன் என்கிறார். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் எந்தப் பக்கம் கை தூக்குவது?

பதில்: கை தூக்குவதற்கு முன்னால் உங்கள் நூலக இயக்குநரிடம் ஒன்றைக் கேளுங்கள். இணைய இணைப்புக்கு நம் நூலகம் இ-ரேட் தள்ளுபடி வாங்குகிறதா? பாதிச் சண்டை அந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடும்.

இ-ரேட் என்பது பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி தரும் மத்திய அரசுத் திட்டம். 2000இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமாக சிப்பா, இந்தத் தள்ளுபடியை வாங்கும் நூலகம் தன் கணினிகள் எல்லாவற்றிலும் ஃபில்டர், அதாவது வேண்டாத தளங்களை அடைக்கும் மென்பொருள், போட வேண்டும் என்கிறது. ஊழியர்களின் கணினிகளும் இதில் அடக்கம். நூலகங்களுக்கான மத்திய மானியத்தில் கணினி வாங்கினாலோ இணையக் கட்டணம் கட்டினாலோ இதே கதைதான். இரண்டுமே வாங்காத நூலகத்தை சிப்பா தொடாது. ஆனால் சில மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு, மாநில நூலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, தள்ளுபடி வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பதில் பொருளில்லை, சட்டம் அதை முடிவு செய்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது எவ்வளவு தடை, அடைபட்டதை யார் திறப்பது என்ற இரண்டும்தான். இந்த இரண்டில்தான் பெரும்பாலான நூலகங்கள் கோட்டை விடுகின்றன.

சட்டம் கேட்பது பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. அது படங்களைப் பற்றி மட்டும் பேசுகிறது, எழுத்தைத் தொடுவதில்லை. தடுக்கச் சொல்வதும் மூன்றே வகைப் படங்களை: சட்டப்படி ஆபாசம் எனப்படுபவை, சிறார் பாலியல் படங்கள், 17 வயதுக்குக் குறைந்தவர்கள் கணினியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் சிறாருக்குத் தீங்கானவை. சூதாட்டம், ஆயுதம், அரசியல் வெறுப்பு, டேட்டிங் எதையும் தடுக்கும்படி அது சொல்லவில்லை.

இப்போது உங்கள் ஃபில்டரின் நிர்வாகப் பக்கத்தை ஒருமுறை திறந்துகாட்டச் சொல்லுங்கள். வரிசையாக வகைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். நிறுவ வந்தவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பாதிக்கு மேல் டிக் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். 'சூதாட்டம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால், அந்தப் பழக்கத்திலிருந்து மீள வழி தேடுகிறவருக்கும் கதவு சாத்தப்படக்கூடும். 'பாலியல்' என்ற கட்டத்தின் கதை நீதிமன்றம் வரைக்கும் போனது. மிசௌரி மாநிலத்தின் கேம்டென்டன் பள்ளி மாவட்டம் வைத்திருந்த ஃபில்டர், தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவான தளங்களை அந்த வகையில் தள்ளித் தடுத்தது. எதிரான தளங்களை வேறு வகையில் வைத்து அனுமதித்தது. 2012இல் மத்திய நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அது பள்ளி. பெரியவர்களும் வந்து உட்காரும் பொது நூலகத்தில் இப்படிச் செய்தால் நிலைமை இன்னும் சிக்கல். ஒரு கருத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அடைப்பதை பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பொறுத்துக்கொள்ளாது.

என் யோசனை, மூன்று வகைப் படங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் கட்டங்களையும், வைரஸ், மோசடித் தளங்களுக்கான கட்டங்களையும் தவிர மற்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். குழந்தைகள் பிரிவுக் கணினிகளில் கூடுதலாகச் சில வைத்துக்கொள்ளலாம், தேடல் முடிவுகளில் ஆபாசத்தை மறைக்கும் கூகுளின் சேஃப்சர்ச்சையும் கட்டாயமாக்கலாம். எந்தெந்தக் கட்டம் என்பதைக் குழு தீர்மானித்து எழுத்தில் வைக்கட்டும். ஃபில்டர் விற்கும் கம்பெனி முடிவு செய்யக்கூடாது.

இவ்வளவும் செய்தால் அந்தச் சிறுவனுக்கு நடந்தது நடக்காதா? நடக்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கத்தோடு வருவதால், சாதாரண ஃபில்டருக்குத் தளத்தின் பெயர் தெரியுமே தவிர உள்ளே எந்தப் படம் ஓடுகிறது என்பது தெரியாது. பலரும் பலவிதமாகப் பதிவிடும் ரெடிட் போன்ற ஒரு தளத்தை முழுசாக அடைக்க வேண்டும், இல்லையென்றால் முழுசாக விட வேண்டும். தவிர, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு போர்ப் புகைப்படமோ அறுவைச் சிகிச்சைப் படமோ கூடப் பத்து வயதுப் பையனின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

அந்தத் தாயின் புகாரைத் திரும்பப் படியுங்கள். அவர் மகன் எதையும் தேடவில்லை, பக்கத்தில் தெரிந்ததைப் பார்த்தான். அப்படியென்றால் அவன் உட்கார்ந்த இடம்தான் முதல் பிரச்சினை. பெரியவர்களும் குழந்தைகளும் ஏன் ஒரே மேசையில்? குழந்தைகளின் கணினிகளைக் குழந்தைகள் பிரிவுக்குள் கொண்டுபோங்கள், அங்கே குழந்தையோடு வராத பெரியவருக்கு இடமில்லை என்று விதி வையுங்கள். பெரியவர்களின் திரைகள் நடைபாதையைப் பார்க்காமல் இருக்கட்டும். நேரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியும்படி திரைமேல் ஒட்டும் தனியுரிமைத் தாள் கடையில் கிடைக்கிறது, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும். இதற்கெல்லாம் வழக்கறிஞர் தேவையில்லை, ஒரு தச்சர் போதும்.

சில நூலகங்கள் நேர்மாறாக, எல்லாத் திரைகளையும் ஊழியர் மேசையைப் பார்த்துத் திருப்பிவைக்கின்றன. வெட்கத்தில் யாரும் தப்பு செய்யமாட்டார்கள் என்ற கணக்கு. எனக்கு இது பிடிக்காது. விவாகரத்துப் படிவமோ புற்றுநோய்ச் செய்தியோ படிப்பவரும் வெட்கப்பட வேண்டியிருக்கும். ஊழியர்களும் திரைகளில் ஓடுவதை நாள் முழுக்கப் பார்த்தாக வேண்டும். மினியாபொலிஸ் பொது நூலகத்தில் திரைகளில் ஓடிய படங்களால் பணிச்சூழலே கெட்டுவிட்டது என்று ஊழியர்கள் மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் போனார்கள். 2003இல் 4,35,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. பேச்சுரிமைப் பக்கம் இருக்கும் உங்கள் நண்பர்கள் இந்த வழக்கையும் நினைவில் வைக்கட்டும். அடுத்தவர் கண்ணில் படும்படி வேண்டுமென்றே ஓடவிடுகிறவரை வெளியே அனுப்ப நடத்தை விதி போதும், அவர் என்ன படிக்கிறார் என்று ஆராய வேண்டியதில்லை. சிறார் பாலியல் படம் என்றால் மட்டும் பேச்சே இல்லை, உடனே போலீஸ். ஊழியர்கள் அதை நகலெடுக்கவோ சேமிக்கவோ கூடாது.

அடுத்து, ஃபில்டரைத் திறந்துவிடுவது. சிப்பா செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் 6-3 என்று தீர்ப்பளித்தது. பூட்டச் சொல்லும் தரப்பு இதைத்தான் மேற்கோள் காட்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். வயது வந்தவர் கேட்டால் நூலகர் ஃபில்டரை எடுத்துவிடலாம், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அரசு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நீதிபதி கென்னடி தனியாக எழுதிய கருத்தில், அதிகத் தாமதமில்லாமல் திறந்துகொடுத்தால் வழக்கில் பெரிதாக ஒன்றுமில்லை, திறந்துகொடுக்க முடியாத நூலகத்தின்மேல் தனியாக வழக்கு வரலாம் என்றார். இதற்கு ஐந்து வருடம் முன்னால், 1998இல், வர்ஜீனியாவின் லௌடன் கவுண்டி நூலகம் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பூட்டியதை நீதிபதி லியோனி பிரிங்கெமா ரத்து செய்திருந்தார். அங்கே திறக்கச் சொல்வதற்கு எழுத்தில் விண்ணப்பம், பெயர், காரணம் எல்லாம் கேட்டார்கள். பிரிங்கெமா நூலகவியல் பட்டம் பெற்றவர் என்பது கூடுதல் தகவல்.

எல்லா நீதிமன்றமும் இதே கோட்டில் இல்லை. 2010இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், பெரியவர் கேட்டாலும் ஃபில்டரை அணைக்க மறுத்த நூலகத்தின் பக்கம் நின்றது. ஆனாலும் அந்தப் பாதையில் போகாதீர்கள் என்பேன். பெரியவர் உள்நுழைந்ததும் 'ஃபில்டர் வேண்டுமா, வேண்டாமா' என்று திரையிலேயே ஒரு பொத்தான் வந்துவிட்டால், யாரும் மேசைக்கு வந்து கூச்சத்தோடு நிற்க வேண்டியதில்லை. அந்த வசதி உங்கள் இ-ரேட் நிபந்தனைக்குப் பொருந்துமா என்று மட்டும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பதினாலு வயதுக்காரி ஒருத்தி நல்ல மருத்துவத் தளம் ஒன்று அடைபட்டிருக்கிறது என்று வந்தால்? இ-ரேட் விதிப்படி ஃபில்டரை அணைப்பது பெரியவர்களுக்குத்தான். ஆனால் தவறாக வகைப்படுத்தப்பட்ட ஒரு தளத்தை மட்டும் திறப்பது ஃபில்டரின் பிழையைத் திருத்துவது, அணைப்பது அல்ல.

வழக்கு மிரட்டலுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவின் லிவர்மோர் நூலகத்தில் பன்னிரண்டு வயது மகன் ஆபாசப் படங்களைப் பதிவிறக்கினான் என்று ஒரு தாய் நகராட்சிமேல் வழக்குப் போட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சி பொறுப்பல்ல என்றது. இதை அந்தத் தாயிடம் நீட்டாதீர்கள். மேசையை மாற்றுகிறோம், இந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

ஆக, இரண்டு பக்கத்துக்கும் கை தூக்காமல் திருத்தம் கொண்டுவாருங்கள். கொள்கையை மாற்றும்போது முன்னறிவிப்பும் பொதுக்கூட்டமும் நடத்திவிட்டால் சிப்பா கேட்கும் நடைமுறையும் முடிந்துவிடும். அப்புறம், அடைபட்ட தளங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு பார்க்கட்டும். பட்டியலில் தளத்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும், யார் கேட்டார் என்பது இருக்கக்கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் வாசகர் பதிவேடுகளுக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு, ஃபில்டர் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் அதை எழுதி வாங்கிவிடுங்கள்.