மாப்பிள்ளை ஏன் குண்டானார்?

கேள்வி: 1998-இல் அக்காவின் வளைகாப்பை அமெரிக்காவில் எடுத்து விஎச்எஸ் வீடியோ கேசட்டாக அனுப்பினார்கள். எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக உருண்டு ஓடியது. கோவையில் ஒரு கடையில் 2,500 ரூபாய் வாங்கி, ‘பால்’ என்ற டிவி முறைக்கு மாற்றி பென்டிரைவில் தந்தார்கள். கலர் வருகிறது. ஆனால் எல்லோரும் தவ்வித் தவ்வி நடக்கிறார்கள். பழைய கேசட் அப்படித்தான் என்கிறார் கடைக்காரர். (கொழிஞ்சாம்பாறை வாசகி)

பதில்: கேசட் மேல் பழி போடுகிறார், அம்மா. அமெரிக்காவின் என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் வினாடிக்கு ஏறக்குறைய 30 படம், 525 வரி. நம்முடைய பால் முறையில் (மில்மா பால் அல்ல) 25 படம், 625 வரி. முப்பதை இருபத்தைந்தாக்க, அவர் கணினி ஆறு படத்துக்கு ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கிறது. வளையல் போடும் கை வினாடிக்கு ஐந்து முறை துள்ளுவது அதனால்தான்.

இந்த மாற்றமே தேவையில்லை. இன்றைய கணினி, போன், டிவி எல்லாம் இரண்டு முறையையும் காட்டும். என்டிஎஸ்சி ஓடும் டெக் உள்ள கடையில், ‘720க்கு 480 அளவு, வினாடிக்கு 29.97 படம், எதையும் மாற்றாமல் தாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

பில் இருந்தால் பணத்தையும் விடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: பழைய கேசட்டை 4கே ஆக்கித் தர 6,000 கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வேலந்தாவளம்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: கல்யாணக் கேசட்டை மாற்றி வாங்கினோம். பெரிய டிவியில் என் வீட்டுக்காரர் குண்டாகத் தெரிகிறார். அப்போது ஒல்லிக்குச்சி! (சித்தூர்)

பதில்: இதைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தேன். பழைய படத்தின் அகலம் நாலு, உயரம் மூன்று. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று கடைக்காரர் படத்தை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாக இழுத்துவிடுகிறார். குத்துவிளக்கு குடம்போல் ஆகிறது, நெற்றிப் பொட்டு முட்டையாகிறது. அதற்குக் கூலி வேறு! கறுப்புப் பட்டை குறையே இல்லை. படம் முழுசாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் படத்தைப் போட்டு ‘ஏ’ எழுத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். 4:3 வரும்போது மாப்பிள்ளை இளைத்துவிட்டால் படம் பத்திரம். திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டியிருந்தால்தான் தலைப்பாகை போனது போனதுதான். அசல் கேசட்டிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் 700 ரூபாய்க்கு யுஎஸ்பி கருவி வாங்கி நானே கேசட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். வாயசைவும் குரலும் சேரவில்லை. கேசட்டுகளைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டேன். பில்லும் இல்லை. (வண்ணாமடை)

பதில்: அதே கருவியை நானும் வாங்கினேன். கூடவே குட்டி டிஸ்க் ஒன்று வந்தது. அதைப் போட என் லேப்டாப்பில் இடமே இல்லை. ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் பெரியப்பா வாயை மூடிய பிறகும் பாடிக்கொண்டிருந்தார். அதனால் அந்த 700-க்காக வருத்தப்படுகிறேன். ஆனால் போட்டுப் பார்க்காமலே கேசட்டை எடைக்குப் போட்டீர்களே, தம்பி, அதற்கு நான் என்ன சொல்ல? விலகல் போகப் போகச் சீராகக் கூடினால், எடிட்டிங் மென்பொருளில் ஒலியின் மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்கு ஒட்டச் சரிசெய்யுங்கள். அங்கங்கே தாவினால், துண்டு துண்டாக உட்கார்ந்து ஒட்டுங்கள்.

கேள்வி: கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளைப் பொடி தெரிகிறது. ஓட்டிப் பார்க்கலாமா? (கோபாலபுரம்)

பதில்: கூடவே கூடாது. இடவப்பாதி மழை ஈரத்தில் பிடித்த பூசணம் அது. டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். டெக் உற்பத்தி 2016-லேயே நின்றுவிட்டது, ஹெட் போனால் மாற்று தேடி அலைய வேண்டும். மற்ற கேசட்டுகளிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள். நாடா சுத்தம் செய்பவர் கிடைத்தால், அவர் எதிரே உட்கார்ந்து செய்து வாங்குங்கள்.